கடல் கடந்த பட்டப்பெயர்கள்

தென்னாப்பிரிக்காவினின்றும் மொரீசியஸ் தீவினின்றும் தம் முன்னோரின் ஊரைத் தேடி நம் வேலூர்ப் பக்கத்துக்கு வருவோர் சிலர் உளர். அவர்கள் கையிற் கொண்டு வருவது பெரும்பாலும் ஒரு பெயரே. ஒருவர் கோவெண்டர் என்பார். ஒருவர் மூட்லி என்பார். நைடூ, பிள்ளே, படையாச்சி என்பார் வேறு சிலர். இப்பெயர் வழங்கும் ஊர் யாது, அவ்வூரில் எம் உறவினர் யாவர் என்பதே அவர்தம் வினா. இதற்கு நம்மவர் விடையிறுக்கும் முறை எமக்குச் சிறிதும் உவப்பளிப்பதன்று. பெயரைக் கேட்ட மாத்திரத்தில், தாங்கள் இன்ன சாதியார், நம்மவரே என்று சிலர் தழுவிக் கொள்கின்றனர்; வேறு சிலர் முகங்கோணி ஒதுங்குகின்றனர். இருசாராரும் செய்வது ஒரே பிழை. அப்பெயர்கள் தம்மளவில் ஊரைக் காட்டா. குலத்தையும் உறுதியாகக் காட்டா. இதனை விளக்கவே இச்சிறு கட்டுரை எழுந்தது.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற் சென்னைத் துறையினின்று புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 342 பேருடன் நவம்பர் 16-ஆந் தேதி டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவரில் முதற் கூட்டத்தார் இவரே. இடையிற் சில ஆண்டுகள் நின்றும் மீண்டும் தொடங்கியும் நடைபெற்ற இவ்வேற்றுமதி 1911-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்குள் நேட்டாலில் இறங்கியவர் தொகை 1,52,184 என்பர். இவருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியே சென்றவர். அவருள்ளும் மிகுதியான பேரை அனுப்பிய ஜில்லாக்களுள் ஒன்று நம் வட ஆர்க்காடு. இதற்குக் காரணம் தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்தினின்று வாலாஜா வரை இடப்பெற்றது. சின்னாட்களில் அது நம் ஊர்களைக் கடந்து மேற்கே நீண்டது. அதன்பின் ஆள் பிடிக்கும் தரகனுக்கு ஆம்பூரும் குடியாத்தமும் சென்னைக் கூலிக் கிடங்குக்கு ஒரு நாட்பயணத்துக்குட்பட்ட ஊர்களாயின. 1876 முதல் 1878 வரை வருத்திய தாதுவருடப் பஞ்சமோ, தரகன் வாய் திறவா முன்னரே மக்களைப் பாதையில் இறக்கி விட்டது.

இனிக் கப்பல் ஏறியபோது இவர்க்கு என்ன பெயர் இருந்தது என்பதைக் காண்போம். நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பேரேடுகள் இன்றும் உள்ளன; டர்பனிலுள்ள பல்கலைக்கழக ஆவணக்களரியில் அவற்றைக் காணலாம். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண், அதனையடுத்து ஒரு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு அல்லது மச்சம். குடும்பப்பெயர் என்றொரு பத்தி இல்லை. இருந்திருப்பினும் நிரப்புதற்கு நம்மவரிடம் ஒன்றும் இல்லை. முனிசாமி, தந்தை சின்னப்பன் என்றால் அம்மட்டே. முனிசாமியின் மகன் ஆறுமுகம் என்றால், தந்தை பெயர் மாறிவிடும். இதுவே தமிழர் வழக்கு. நம் பெயருக்கு முன்னுள்ள தலையெழுத்து இன்றும் இவ்வழக்கையே தாங்கி நிற்கின்றது. சாதிப் பத்தியோ நம்பத்தக்கதன்று. எழுத்தன் கேட்டதையும், கேளாது தானே ஊகித்ததையும் அதில் எழுதினான். சிலவிடத்துத் தமிழரெல்லாம் 'மலபார்' என்றும் தெலுங்கரெல்லாம் 'ஜெண்டூ' என்றும் குறிக்கப்பெற்றனர். மொழியைச் சாதியாக்கிய விந்தை இது.

ஆகவே குடும்பப்பெயர் கப்பலில் ஏறவில்லை. கரையிறங்கிய பின்னர்ப் பிறந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து, நிலம் வாங்கவும், கடை வைக்கவும், மகவின் பிறப்பைப் பதியவும் ஒருவர் கச்சேரிக்குச் சென்றபோது, ஆங்கில அலுவலர் குடும்பப்பெயர் யாது எனக் கேட்டார். அப்போது வாயில் வந்தது எதுவோ அதுவே மூன்று நான்கு தலைமுறைக்கும் பெயராயிற்று. சிலர் ஊரிற் கேட்டறிந்த பட்டத்தைச் சொன்னார். சிலர் தந்தை பெயரையே சொன்னார். முன்சாமி, வீராசாமி, பெருமாள், சூப்ரமணி என்னும் குடும்பங்கள் இவ்வாறு தோன்றியவை. மேஸ்திரி வேலை பார்த்தவர் வழியினர் இன்றும் மேஸ்திரி என்னும் குடும்பப்பெயரோடு வாழ்கின்றனர். பட்டம் சொன்னவருள்ளும் எல்லாரும் அப்பட்டத்துக்கு ஊரில் உரியவரல்லர். ஊரில் எப்பட்டமும் தரப்பெறாது, பெயரையும் 'டா' என்னும் விளியோடு மட்டுமே கேட்டு வந்த ஒருவர், அறிந்தார் எவருமில்லாத நாட்டில், தம்மை முதலியென்றும் பிள்ளையென்றும் எழுதிக் கொண்டார் என்றால், அதில் நகுதற்கு என்ன உளது? ஆயிரங்காத வழி கடந்து அவர் அடைந்த ஊதியத்துள் அதுவும் ஒன்று. அதனை இன்று நாம் தோண்டித் துருவிப் பறிக்கப் புகுவது கொடுமையினும் கொடுமை.

பெயர்கள் உருத்திரிந்த வகை மொழிநூல் மாணவர்க்கு நல்ல விருந்து. கவுண்டர் என்பதன் முதலகரம் ஆங்கிலச் செவியில் ஒகரமாய் ஒலித்தது, நடுவிலுள்ள வகர உகரம் எகரமாய்த் திரிந்தது, விளைவு கோவெண்டர். இதனைக் கோவிந்தர் எனக் கொண்டு வைணவக் குடும்பமென மயங்குவாரும் உளர். கவுண்டன் என ஒருமையிற் சொன்னவர் வழியினர் கவுண்டென் ஆயினர். அண்ணன் ஒன்றும் தம்பி மற்றொன்றுமாக எழுதப்பெற்றால் ஒரு வீட்டார் இரு குடும்பத்தாராவர். முதலி என்பது மூட்லி. நாயுடு என்பது இரட்டை ஓகார எழுத்தோடு நைடூ. எல்லாவற்றினும் வேடிக்கை ஆசாரி என்பதே. நெட்டுயிரைக் காட்ட ஆங்கிலேயர் சிலபோது ஒலியாத ரகர எழுத்தொன்றைச் சேர்ப்பர். அதனை ஒலித்துப் படித்தோர் வாயில் அப்பெயர் ஆர்ச்சரி ஆயிற்று. தச்சரும் கொல்லரும் வில்லாளரான கதை இது!

பிரெஞ்சுக்காரர் ஆண்ட தீவுகளில் வேறு வகை. அங்கே பட்டங்களினும் இயற்பெயர்களே குடும்பப்பெயராய் நிலைத்தன. ரீயூனியனில் வீராப்புல்லே என்பது வீரப்பிள்ளை. மூத்தூசாமி என்பது முத்துசாமி. மார்த்தினீக்குக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் முதற் கப்பல்கள் சென்றன. குவாதலூப்பிற் பிறந்த ஹென்றி சிதம்பரோம் என்பார், அத்தீவின் இந்திய வமிசத்தார்க்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் 1923 வரை போராடி வென்றவர். அப்பெயரிற் சிதம்பரத்தைக் காண நமக்கு நொடிப்பொழுதும் வேண்டா. ஆயின் அவர் முன்னோர் சிதம்பரத்தூரார் என்று அதனாற் கொள்ளலாகுமோ? சிதம்பரம் என்பது தில்லைக் கூத்தன்பால் அன்புடைய எவ்வூரானும் தன் மகனுக்கு இடும் பெயரன்றோ! மலாயாவிலும் சிங்கப்பூரிலுமோ நிலைமை முற்றும் வேறு. நாட்டுக்கும் அவற்றுக்கும் போக்குவரவு அறாமையின், தந்தை பெயரை அடுத்துக் கூறும் நம் வழக்கமே அங்கு நின்றது. மலேயாத் தமிழர் பெயரின் நடுவே 'மகன்' எனப் பொருள்படும் மலாய்ச் சொல் இன்றும் எழுதப்படுகின்றது. ஆகவே நைடூக்களும் கோவெண்டர்களும் டர்பனிற் செறிந்திருத்தலும் பினாங்கில் அருகியிருத்தலும் குலங்கள் பரவிய வரலாறு மட்டுமல்ல. அவ்வந்நாட்டுப் பதிவாளரின் வழக்கமும் எழுத்துமுறையும் பரவிய வரலாறுமாம்.

பட்டம் மொழியையுங்கூடக் காட்டாது. நாயுடு என்றால் தெலுங்கர் என்பது இங்கே பலர் துணிபு. காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடு, 1875-இல் மொரீசியஸிற் பிறந்தவர். ஜோகானஸ்பர்க் தமிழர் நலச் சங்கத்தின் தலைவர். அவர் பேரர் இந்திரேஷ் நாயுடு 1963 முதற் பத்தாண்டு ராபன் தீவிற் சிறையிருந்தார். மூன்று தலைமுறை சிறை கண்ட இக்குடும்பத்தின் சிறப்பு, பெயரின் ஈற்றிலுள்ள பட்டத்தினாலாயதன்று.

அந்நாட்டு வெள்ளையர் நம்மவர் அனைவரையும் 'சாமி' என்றே அழைத்தனர் என்பதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். முனிசாமி, இராமசாமி எனப் பலர் பெயர் சாமி என முடிதலின் இழிவுக் குறியாய் எழுந்த வழக்கு அது. சாமி என்றால் தலைவன் என்று பொருள், நான் உமக்குத் தலைவனல்லேன் என்று சுருக்கென விடை கூறியவரும் இருந்தனராம். அவ்விடை கூறியவர் எவ்வூராரோ? ஆம்பூர்ப் பக்கத்தாராய் இருத்தல் கூடும் என எண்ண நமக்கு ஓர் ஆசை.

இஃது இவ்வாறாக, இங்கே நிகழ்ந்தது யாது? 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. காலப்போக்கில் தமிழ்நாட்டார் பெரும்பாலோர் தம் பெயரின் வாலை அறுத்துக் கொண்டனர். பெயரில் பட்டம் ஒழிந்தது. மனத்திற் சாதி ஒழிந்ததா என்பதற்கு நம் தெருக்களே சான்று. கடல் கடந்தவரிடத்தோ பெயரிற் பட்டம் நிலைத்தது. பட்டத்திற் சாதி பெரும்பாலும் வற்றிவிட்டது. கோவெண்டர் வீட்டுப் பெண்ணை நைடூ வீட்டுப் பிள்ளை மணத்தல் ஆங்கு வியப்பன்று. சாதி அங்கு அறவே மாய்ந்ததென யாம் கூறவில்லை. கலியாணப் பேச்சிற் சில வீடுகளில் அது மெல்லத் தலை நீட்டலாம். எனினும் அங்கு அப்பெயர் ஊன்றுகோலாய்ப் பயன்படுவது வேறு காரியங்களுக்கு. மூக்குத்தி அணிந்த மாணவியைப் பள்ளி தடுத்தபோது, தாய் வழக்குத் தொடுத்தார்; 2007-இல் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் மாணவிக்குச் சார்பாய்த் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இன்று சட்ட நூல்களிற் 'பிள்ளே வழக்கு' என்று வழங்குகின்றது. நவி பிள்ளே என்னும் டர்பன் மாதரசி 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் ஆணையராய் விளங்கினார். இவர்களை வலிந்திழுத்து உள்ளூர்ச் சாதிச் சங்கத்தின் பட்டியலில் ஏற்றுவது, உறவு கொண்டாடுதலன்று; அவர் முன்னோர் கடலில் எறிந்துவிட்டுப் போனதை வலைவீசி எடுத்து அவர் தோளிற் போடுதலேயாம்.

நம்மவர் உண்மையில் ஒருவரை எவ்வாறு அடையாளங் காண்கின்றனர்? ஜோகானஸ்பர்கிற் பிறந்து, சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் மறைந்த வள்ளியம்மையைத் தமிழ்நாடு எப்பெயரால் அறியும்? தில்லையாடி வள்ளியம்மை என்றன்றோ! அவ்வம்மை தில்லையாடியிற் பிறந்தவருமல்லர். எனினும் பெற்றோரின் ஊரே அவர்க்குக் குடும்பப்பெயராயிற்று. தேடி வருவோர்க்கும் நாம் உதவ வேண்டுவது இத்துறையிலேதான். ஊரைக் கண்டு கொடுத்தலிலே.

அஃது எளிதன்று. பேரேட்டில் ஊர்ப்பெயர்கள் ஆர்ச்சரியினும் மோசமாய்ச் சிதைந்துள்ளன. குடியாத்தத்தைக் குரியாத்தம் எனவும் திருப்பத்தூரைத் திரிப்பட்டூர் எனவும் எழுதிய காலம் அது. ஜில்லாவும் ஏமாற்றும். வாணியம்பாடி அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த திருப்பத்தூர்த் தாலூகாவில் இருந்தது. 1911-இலேதான் அத்தாலூகா வட ஆர்க்காட்டோடு சேர்ந்தது. அவ்வாண்டு வரை வட ஆர்க்காட்டின் தலைநகர் வேலூரன்று, சித்தூர். ஆம்பூரோ அன்று வேலூர்த் தாலூகா. 2019 முதற் திருப்பத்தூர் மாவட்டம். சேலம் என்று கப்பற் சீட்டிற் கண்டு சேலத்துக்குச் சென்று அலைந்து திரும்பும் ஒருவர்க்கு, தம் ஊர் பாலாற்றங்கரையில் உள்ளது என்று சொல்வார் யார்?

நம் கல்லூரி மாணவர் இதனைச் செய்யலாம் என்பது எம் கருத்து. பேரேட்டில் நம் தாலூகாக்களுக்குரிய ஊர்ப்பெயர்களைத் திரட்டி, பழைய நிலவரிக் கணக்குகளோடும், திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டு, இன்ன எழுத்து இன்ன ஊர் என ஓர் அட்டவணை செய்தால், அது தமிழ்ச் சங்கத்தின் பத்துச் சொற்பொழிவினும் பயனுடைத்தாகும். 2024-இல் மொரீசியஸ் வாழ் இந்திய வமிசத்தார்க்கு ஏழாந் தலைமுறை வரை வெளிநாட்டிந்தியர் குடியுரிமை அட்டைச் சலுகை அறிவிக்கப்பட்டுள்ளமையின், ஊர் தேடும் ஆவல் இனி மிகும். அத்தீவின் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்திற் கூலிகளின் பதிவேடுகளும், பலருடைய நிழற்படங்களுமே காக்கப்பட்டுள்ளன.

நம் தோல் ஊர்களுக்கு இதில் தனிக்கடன் ஒன்று உண்டு. ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட நம் மண்டிகள் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாட்டில் பட்டைக்கு மாறின. அப்பட்டை வந்தது நேட்டாலிலிருந்து. ஆளை ஏற்றிச் சென்ற அதே டர்பன் துறையினின்று ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பட்டை வந்திறங்கிற்று. அதனாற் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்று, கலைந்துபோன ஒரு கம்பெனியின் பெயரால் இலண்டனில் விலையாயிற்று. அடுத்த முறை ஒரு கோவெண்டர் நம் ரயிலடியில் இறங்கி வழி கேட்பாராயின், அவர் பட்டத்தை விட்டுவிட்டு, பாட்டனாரின் கப்பல் எண்ணையும், அவர்தம் தந்தையின் பெயரையும், கிராமமென எழுதப்பெற்ற சொல்லையும் கேட்டு வாங்குக. அச்சொல்லை மூன்று நான்கு விதமாய் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், தெருவிலுள்ள முதியவருள் எவரேனும் ஒருவர் ஊரைச் சொல்லி விடுவார்.