ஆறிப்போகும் நீதி யாருக்கு லாபம்?

புதிய ஆண்ட்ராய்டு கைபேசியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கூகுள் தேடல், குரோம், யூடியூப் எல்லாம் அதில் குடியேறியிருக்கும். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் இவற்றையும் சேர்த்தே பதிக்க வேண்டும் என்று கைபேசித் தயாரிப்பாளர்களுடன் கூகுள் ஒப்பந்தம் போட்டிருந்தது. இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதே என்று கண்ட இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது.

அந்தத் துணிவு பாராட்டுக்குரியது. ஆனால், 2019 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவிட்ட ஆணையம் முடிவுக்கு வர மூன்றரை ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தாலும், ஆணையத்தின் பத்துக் கட்டளைகளில் நான்கை நீக்கிவிட்டது. வேண்டாத செயலியைப் பயனர் அகற்ற வழிவிட வேண்டும் என்பதும் அந்த நான்கில் ஒன்று. கூகுள் போன்ற நிறுவனத்துக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. கையைக் கட்டக்கூடியவை கட்டளைகள்தான், அவையே இளைத்துப்போயின.

அமெரிக்காவில் 1998 மே மாதம் மைக்ரோசாஃப்ட் மீது தொடரப்பட்ட வழக்கிலும் இதுதான் நடந்தது. விண்டோஸுடன் தன் உலாவியைப் பிணைத்து நெட்ஸ்கேப்பை நசுக்கியது என்பது குற்றச்சாட்டு. 2000இல் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க நீதிபதி ஆணையிட்டார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிப்பை ரத்துசெய்தது. சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்ற முடிவை மட்டும் ஏற்றது. அதற்குள் நெட்ஸ்கேப் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய், சந்தையையும் இழந்திருந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். சந்தையில் ஆறின நீதியும் அப்படித்தான்.

ஆண்ட்ராய்டால்தான் எளியவர் கைக்கும் ஸ்மார்ட்போன் வந்தது, சேவைகளும் இலவசம், பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். செயலிகள் கூகுளுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் பற்றிய தகராறில், சென்னையைச் சேர்ந்த பாரத்மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகே அவை திரும்பின. கட்டணத் தகராறில் நியாயம் யார் பக்கமும் இருக்கட்டும். கடைத்தெரு முழுவதும் ஒருவர் கையில் இருந்தால், மற்றவர்கள் கடை திறப்பதும் மூடுவதும் அவர் விருப்பம் என்றாகிவிடுகிறது. இலவசத்தின் உண்மையான விலை இதுதான்.

தவறு நடந்தபின் ஆண்டுக்கணக்கில் விசாரிப்பதைவிட, பெருநிறுவனங்கள் எதைச் செய்யக்கூடாது என்று முன்கூட்டியே வரையறுப்பதே மேல். 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவின் நோக்கம் அதுவே. வளர்ந்துவரும் இந்திய நிறுவனங்களும் வலையில் சிக்கும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. வருவாய், பயனர் எண்ணிக்கை வரம்புகளைக் கவனமாக நிர்ணயிப்பதே அதற்கு மருந்து. சட்டத்தையே கிடப்பில் போடுவது அல்ல.

திருத்தங்களுடன் அந்த வரைவை மத்திய அரசு நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். போட்டி வழக்குகளின் மேல்முறையீடுகளுக்குக் காலக்கெடுவும் வேண்டும். தீர்ப்பு வரும் நாளில் போட்டியாளர் உயிரோடு இருந்தால்தான் அதற்குப் பெயர் நீதி.