புள்ள நிக்கும்போது என்ன கல்யாணம்னு கேட்டவங்களுக்கு

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்காம எழுதுறேன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

போன ஞாயிறு நம்ம கோயில்ல நடந்த கல்யாணத்தைப் பத்தித்தான். பேரு வேணாம், வந்தவங்களுக்குத் தெரியும். அந்த ரெண்டு பேரும் பதினோரு வருசத்துக்கு முன்னாடியே ஜேபிஎன்ல முறையா பதிவு பண்ணவங்க. கோயில்ல தாலி கட்ட நாள் பார்த்த நேரம், மாப்பிள்ளையோட அம்மா ஸ்ட்ரோக் வந்து படுத்துட்டாங்க. அம்மா எழுந்திரிச்சதும் வச்சுக்கலாம்னு தள்ளிப் போட்டாங்க. அம்மா எழுந்திரிக்கவே இல்ல. எட்டு வருசம் அந்தம்மாவைத் தூக்கி உக்கார வச்சு, பேம்பர்ஸ் மாத்தி, கஞ்சி ஊட்டினது யாரு? தாலி இல்லாத இந்த மருமகள்தான். கடைசி மூனு வருசம் கையில காசு இல்ல. இப்பதான் முடிஞ்சது.

அறுபது பேரு வந்திருப்பாங்க. மண்டபம் இல்ல, மேடை அலங்காரம் இல்ல, டிஜே இல்ல. ஒன்பது வயசு மகன் அட்சதைத் தட்டைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்தான். குருக்கள் அவசரப்படாம, ஏழு அடிக்கும் அர்த்தம் சொல்லிச் சொல்லி நடக்க வச்சாரு. முப்பது வருசமா கோயில்ல தொண்டு செய்யுறேன், அன்னிக்குத்தான் அந்த அர்த்தத்தை முழுசா கேட்டேன். மத்த கல்யாணத்துல போட்டோகிராஃபர் போடுற சத்தத்துல எங்க கேக்குது! தாலி ஏறுனப்ப பொண்ணு அழுதுச்சு, மாப்பிள்ளை சிரிச்சாரு, மகன் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தான். சாப்பாடு நாங்க சமைச்சதுதான். சாம்பார் கொஞ்சம் தண்ணி, ஒத்துக்கிறேன்.

மறுநாள் வாட்ஸ்அப் குரூப்ல என்னா பேச்சு! "புள்ள பெத்துட்டு வந்து தாலி கட்டுறதா, கோயில் புனிதம் என்னாவுறது?" "இது கல்யாணமா, அன்னதானமா?" எழுதுனவங்கள்ல ரெண்டு பேரு அன்னிக்கு ரெண்டாவது தடவை பாயசம் வாங்குனவங்க. ஊத்துனவன் நான்தான்.

ஐயா, அம்மா, ஒன்னு கேக்குறேன். பங்குனி உத்திரத்துக்கு அம்மைக்கும் அப்பனுக்கும் வருசா வருசம் திருக்கல்யாணம் பண்ணுறோமே, அவங்களுக்குப் புள்ளைங்க இல்லியா? பெரியவரு வாசல்லயே உக்காந்திருக்காரு, சின்னவரு வேலோட நிக்கிறாரு. சீர்த்தட்டு தூக்க நீங்கதான் முன்னாடி வர்றீங்க. அறுபது வயசானதும் விமானம் ஏறி திருக்கடையூர் போய், பேரப்புள்ளைங்க முன்னாடி திரும்பத் தாலி கட்டிக்கிட்டு வந்து போட்டோ போடுறீங்க. அதுக்கு நாங்க எல்லாரும் கைகூப்பி லைக் போட்டோம். அப்ப புனிதம் எங்க போச்சு?

பதிவுக் கல்யாணம் கல்யாணமே இல்லன்னு இன்னொருத்தரு சொல்றாரு. 1982 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து இந்த நாட்டுல நம்ம கல்யாணத்துக்குப் பதிவு கட்டாயம். தாலி மட்டும் கட்டிட்டு பதிவு பண்ணாம விட்டா சட்டத்துல சிக்கல்தான். என் லைன்ல வேலை செஞ்ச ஒருத்தரு திடீர்னு இறந்துட்டாரு. ஊரையே கூட்டி ஆயிரம் பேருக்கு விருந்து வச்சு நடந்த கல்யாணம், ஆனா பதிவு இல்ல. சொக்சோவுக்குக் கல்யாண சான்றிதழ் கேட்டப்ப அந்தத் தங்கச்சி ஆல்பத்தைத் தூக்கிட்டு வந்து நின்னுச்சு. கூடப் போனவன் நான். அந்த முகம் இன்னும் மறக்கல.

செலவைப் பத்தியும் சொல்லிடறேன். என் மக கல்யாணத்துக்குக் கூட்டுறவுக் கடன் நாப்பதாயிரம் வெள்ளி எடுத்தேன். மண்டபத்துல ஒரு ராத்திரி. அஞ்சு வருசமாச்சு, இன்னும் சம்பளத்துல பிடிக்கிறாங்க. இந்த வயசுல ஓட்டி செய்யுறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல, நாலு பேரு என்ன சொல்வாங்கன்னு நானே பயந்தேன். அந்த நாலு பேருதான் இப்ப குரூப்ல எழுதுறாங்க.

அடுத்த கூட்டத்துல, புள்ள இருக்கிறவங்களுக்குக் கோயில்ல கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு தீர்மானம் வருதாம். வரட்டும். அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கு, லீவு எழுதிக் குடுத்துட்டேன். கொண்டு வர்றவரு, பங்குனி உத்திரத்தை என்ன செய்யுறதுன்னும் அதே காகிதத்துல எழுதிக் கொண்டு வாங்க. அந்த ரெண்டு பேரும் வருவாங்க. மகனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன், அவன் முகத்தைப் பார்த்து வாசிங்க.