அக்கரைச் சிங்கமும் இக்கரைப் பிள்ளைகளும்

என் மகள் மூன்றாம் ஆண்டு படித்தபோது 'என் ஊர்' என்று ஒரு படம் வரையச் சொன்னார்கள். அவள் மெர்லயனை வரைந்தாள். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கம், பின்னால் மூன்று கட்டடங்கள், அவற்றின் தலையில் ஒரு கப்பல். நன்றாகத்தான் வரைந்திருந்தாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே தாளை என்னிடம் நீட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்தது முதல் அவள் இருப்பது ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் கடல் தெரியும். ஆனால் தன் ஊர் என்று வரைய அவளுக்குக் கிடைத்தது அக்கரைச் சிங்கம்.

அவளைக் குறை சொல்ல முடியுமா? அவள் அப்பா விடிவதற்கு முன்பே மோட்டாரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். இக்கரையில் நாங்கள் அவளுக்குக் காட்டியது என்ன? ஈயோன், பசார் மாலாம், டியூஷன் மையம், மாமாக் கடை. எந்த ஊரிலும் இருக்கக்கூடியவை. அவற்றை வரைந்திருந்தால் மட்டும் ஊர் தெரிந்திருக்குமா?

பெற்றோரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் பாதியில் இதே கதைதான். போன பள்ளி விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டால் கெந்திங், லெகோலேண்ட், பாங்காக் என்று பதில் வருகிறது. போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெர்மாஸ் ஜெயா பாலத்தை வாரத்துக்குப் பத்து முறை கடக்கும் உங்கள் பிள்ளைக்கு, கீழே ஓடுவது தெப்ராவ் ஆறு என்று தெரியுமா? அது கடலில் கலக்கும் இந்த நீரிணையில் ஒராங் சிலேத்தார் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே வாழ்ந்தார்கள் என்று? அந்த மக்கள் இன்றும் கோலா மாசாய்ப் பக்கம் இருக்கிறார்கள். நம்மிலிருந்து தூரமே இல்லை. எனக்கே இது நாற்பது வயதில்தான் தெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் மட்டும் நமக்கு ஊர் ஞாபகம் வரும். உடனே கண்ணாடிக் கோயில். இராஜகாளியம்மன் முன் நின்று படம் எடுத்து, அனுப்பி, வீடு திரும்பிவிடுவோம். 1922இல் ஒரு சின்னக் குடிலாகத் தொடங்கிய கோயில் அது என்றும், இன்று அதை மூடியிருப்பவை மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள் என்றும் விருந்தாளிக்குச் சொல்வோம். பக்கத்தில் நிற்கும் நம் பிள்ளைக்குச் சொல்லியிருப்போமா? அவன் கையில் கைப்பேசியைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருப்போம்.

இனி மவுண்ட் ஆஸ்டின். இதில்தான் எனக்கு நன்றாக அடி விழுந்தது. நீர்ப்பூங்கா, காப்பிக் கடைகள், கொரிய உணவு என்று பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லும்போதே துள்ளுகிறார்கள். ஒரு சனிக்கிழமை அங்கே கிளம்பியபோது என் மாமனாரையும் காரில் ஏற்றிக்கொண்டோம். வழக்கம்போலப் பின் இருக்கையில், இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு பை துணிக்கும் நடுவில். சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாத மாதிரி, "இங்கதான் பெரட்டு நிப்போம்" என்றார்.

மவுண்ட் ஆஸ்டின் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர். ஜொகூரின் பெரிய தோட்டங்களில் ஒன்று. பெரட்டு என்பது காலையில் வேலைக்கு முன் பெயர் கூப்பிட நிற்கும் வரிசை. பெரியவர் அங்கே பால் வெட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே தெரியும். ஆனால் அந்தத் தோட்டமும் என் பிள்ளைகள் வட்டமாகச் சறுக்கி விழும் அந்த இடமும் ஒன்று என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அன்று நாங்கள் நீர்ப்பூங்காவுக்குப் போகவில்லை. காரை ஒரு கடைத்தெருவில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் அவரைப் பேசவிட்டோம். மரத்தில் கட்டும் மங்கு எந்த அளவு இருக்கும், காண்டா வாளியைத் தோளில் வைத்தால் எந்த இடத்தில் காய்க்கும், பால் சேகரிக்கும் முன் மழை வந்துவிட்டால் அன்றைய கூலி என்ன ஆகும். மகன் கேட்ட கேள்விகளுக்கு முடிவே இல்லை. "பாம்பு வந்தா என்ன தாத்தா செய்வீங்க?" என்பதற்கு மட்டும் கால் மணி நேரம் பதில்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் செலவழித்தது நாலு கிளாஸ் தேத்தண்ணி. பதினோரு வருடமாக அந்தப் பெரியவர் பின் இருக்கையில் அந்த வழியாகவே எங்களோடு வந்திருக்கிறார். ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, உங்களுக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"வெயில் கொளுத்துகிறது, எங்கே நடக்க வைப்பது?" என்று ஒரு தோழி கேட்டாள். காலை எட்டு மணிக்குப் போங்கள். பேரங்காடி திறப்பதற்குள் பழைய ஜொகூர் பாருவைச் சுற்றி முடித்துவிடலாம். ஜாலான் உங்கு புவானில் இராஜமாரியம்மன் கோயில் 1911இலிருந்து இருக்கிறது. அங்கே தேங்காய் உடைத்துவிட்டு வெளியே வந்தால் நடக்கும் தூரத்தில் ஜாலான் துருஸ். அதில் பழைய சீனக் கோயில். டியோச்சு, ஹொக்கியன், ஹக்கா, கந்தோனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து பிரிவுச் சீனர்கள் ஆளுக்கொரு சாமியாக ஐந்து சாமிகளை ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். சீனப் புத்தாண்டு மாதத்தின் இருபத்தொன்றாம் நாள் சிங்கே ஊர்வலத்தில் அந்த ஐந்து சாமிகளும் வீதி வருகின்றன. நம்ம ஊர்த் தேர் மாதிரி, நெரிசலும் அப்படியே. அதே தெருவில் சீக்கியர்களின் குருத்துவாராவும் உண்டு. மூன்று வாசலிலும் செருப்பை எங்கே கழற்றுகிறார்கள், எதை ஏற்றுகிறார்கள், என்ன கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் தாங்களே ஒப்பிடுவார்கள். பள்ளியில் ஒரு பாடமாக வரும்போது கொட்டாவி விடுகிற விஷயம் இது.

திரும்பும் வழியில் ஜாலான் டோபி. அந்தப் பெயரை ஒரு முறை பிள்ளையிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். துணி வெளுத்தவர்களின் தெரு என்று சொன்னால், யார் வெளுத்தார்கள் என்ற அடுத்த கேள்வி தானாக வரும். அடுத்தது ஜாலான் தான் ஹியோக் நீ. மிளகும் கேம்பீரும் பயிரிட்டு ஊரை எழுப்பிய காலத்துச் சீனத் தலைவரின் பெயர். அங்கே 1919இலிருந்து ஹியாப் ஜூ ரொட்டிக் கடையில் விறகு அடுப்பில் வாழைப்பழக் கேக் சுடுகிறார்கள். இது ஒன்று போதும், மறு வாரமும் பிள்ளைகள் வருவார்கள். லஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அக்கரைக்கு அப்பா போகும் பாதையைக்கூட நாம் 'ஜேம்' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். கடற்கரையில் நிறுத்திக் காட்டுங்கள். சிங்கப்பூருக்குப் போகும் அந்தத் தரைப்பாலம் வருவதற்கு முன் ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்த்தார்கள். 1923இல் முதலில் சரக்கு ரயில் ஓடியது, பிறகு பயணிகள் ரயில். முறையான திறப்பு விழா 1924 ஜூனில். 1942 ஜனவரி 31 அன்று, ஜப்பானியர் நெருங்கிவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது தானே அதில் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தது. பையன்களுக்கு வெடி என்றால் காது நீளும். அந்த வெடியில் தொடங்கி, ஜப்பானியர் ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோன தோட்டத் தமிழர்களின் கதைக்குப் போவது நம் கையில் இருக்கிறது.

அந்தக் கதைக்கு நூலகம் வேண்டும். "ஐயோ, அங்கே தமிழ்ப் புத்தகமே இருக்காது" என்று என்னிடம் சொன்னவர்களை ஒன்று கேட்டேன்: கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள்? பதிலுக்குச் சிரிப்பு. நானும் சிரித்தவள்தான். நம்மில் எத்தனை பேரின் பிள்ளைகளிடம் நூலக அட்டை இருக்கிறது? லார்க்கின் பக்கம் சுல்தான் இஸ்மாயில் நூலகம் இருக்கிறது, குளிர்சாதனமும் ஓடுகிறது. யாரும் எடுக்காத மொழியில் எந்த நூலகம் புத்தகம் வாங்கிப் போடும்? போய்க் கேளுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி போய்க் கேளுங்கள். டியூஷன் ஆசிரியரை விடாமல் துரத்தும் நமக்கு இது வராதா என்ன?

கொஞ்சம் தூரம் போக முடிந்தால் கோத்தா திங்கி. அருவிக்கு எல்லோரும் போகிறோம், கம்போங் மாக்காமில் காரை நிறுத்துவதில்லை. பல்லக்கில் போய்க்கொண்டிருந்தபோதே 1699இல் குத்திக் கொல்லப்பட்ட சுல்தான் மஹ்மூத்தின் கல்லறை அங்கே இருக்கிறது. அரண்மனைப் பலாப்பழத்தில் ஒரு சுளை தின்ற கர்ப்பிணியைச் சுல்தான் கொல்லச் செய்தார், அவள் கணவன் பழி வாங்கினான் என்று மலாய்க் கதை சொல்கிறது. காரில் பலாப்பழம் வாங்கி வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், என் மகள் சுளையை வாயில் வைக்கப் பத்து நிமிடம் யோசித்தாள்.

நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓவர் டைம் செய்கிறவர்கள் நம்மில் பாதிப் பேர், எனக்குத் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எட்டிலிருந்து பதினொன்று வரை. அவ்வளவுதான் கேட்கிறேன். பள்ளியே சுற்றுலா கூட்டிப் போகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாற்பது பிள்ளைகளை எண்ணி பஸ்ஸில் ஏற்றுவதற்கே அந்த ஆசிரியைக்கு நேரம் சரியாக இருக்கும். உங்கள் மாமனார் எந்தத் தோட்டத்தில் பெரட்டு நின்றார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் ஜாலான் உங்கு புவான் கோயில் வாசலில் இருப்போம். வாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். காரில் அவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.