பிரயோஜனமில்லாத விமானம்

சென்ற ஆவணி மாதம் திண்டிவனத்தில் ஒரு விமான விபத்து நடந்தது. பத்திரிகைகளில் அந்தச் செய்தி வரவில்லை. சேதம் ஒன்றும் இல்லை என்று அந்த வீட்டார் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். விபத்துக்குக் காரணமானவன் நானே ஆகையால், விசாரணைக் கமிஷன் எதுவும் வேண்டாமல் என் வாக்குமூலத்தை இங்கே கொடுத்துவிடுகிறேன்.

விமானத்தின் பெயர் நாட். 1965 யுத்தத்தில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்று பெயர் வாங்கியதே, அந்தச் சின்னஞ்சிறு போர் விமானம். நான் சொல்வது அதை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் பொம்மை. ஒரு சாண் நீளம்கூட இல்லை. சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் கண்ணில் பட்டது. நாலு பேர் ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிற காசுதான் விலை. என் அக்கா பேரன் கோடை விடுமுறைக்கு விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வருவதாக இருந்தான். அவனுக்கென்று வாங்கினேன். அவனுக்கென்று வாங்கினேன் என்பதும் முழு உண்மை அல்ல. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டு நாட்கள் அதைக் கட்டினோம். அந்த எட்டு நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மணமகன் தேவை விளம்பரங்களின் மேல் பாகங்களைப் பரப்பினோம். பாகங்கள் எல்லாம் ஒரு சட்டத்தில் வேப்பங்கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, பல்குத்தும் குச்சியின் நுனியில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். இரண்டு பாதி உடம்பும் ஒட்டிக் காய்கிற வரையில் துணிக் கிளிப் போட்டுப் பிடித்திருக்க வேண்டும். மூக்கில் பாரம் வைக்காமல் மூடிவிட்டால் விமானம் மூன்று சக்கரத்தில் நிற்காமல் வாலில் உட்கார்ந்துவிடும். இது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது மூக்கை மூடியாகிவிட்டது. பையன் அதைப் பிரித்து, சைக்கிள் கடைக்கு ஓடி மூன்று பால்ரஸ் குண்டு வாங்கி வந்து உள்ளே ஒட்டி, மறுபடி மூடினான். மூக்கின் மேல் ஒரு தழும்பு நின்றுவிட்டது.

வர்ணத்துக்குத் தனியாகச் செலவு செய்யவில்லை. இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற வெள்ளி வர்ணம் ஒரு சின்ன டப்பா, பள்ளிக்கூடத்து வர்ணப் பெட்டி, பூஜ்ய நம்பர் தூரிகை ஒன்று. ஈர வர்ணத்தில் தூசி விழாமல் இருக்க ஓர் எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடி வைத்தோம். விழுப்புரத்துச் சித்திரை வெயில் எதற்கும் உதவாது என்று நினைத்திருந்தேன். வர்ணம் காய்வதற்கு அதைப் போல் வேறில்லை. சோடா பாட்டில் மூடியை வைத்து வட்டம் போட்டுப் பையன் இறக்கையில் மூவர்ணச் சின்னத்தைத் தானே எழுதினான். கை நடுங்கிற்று. மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தவர் எவரும் இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கமாட்டார்.

ஆனால் பார்க்காதவர் கேட்டார். வைகாசியில் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினோம். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் பையன் காட்டிக்கொண்டே வந்தான். திண்டிவனத்தில் என் அக்கா மகன் அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“எல்லாம் சரி மாமா. இதனால என்ன பிரயோஜனம்?”

மனிதன் கெட்டவன் அல்ல. மாதச் சம்பளக்காரன், கடன் வாங்கி வீடு கட்டியவன், மகனைப் பற்றிய கவலையில் தலை நரைத்தவன். அவனுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? ‘ஒரு பிரயோஜனமும் இல்லை மாப்பிள்ளே, எட்டு நாள் சந்தோஷமாக இருந்தோம், அவ்வளவுதான்’ என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. “என்ன மாப்பிள்ளே இப்படிக் கேட்டுட்டே! அப்துல் கலாம் குரோம்பேட்டையிலே என்ன படிச்சார்? விமான எஞ்சினீயரிங்தானே? பையனுக்குக் கைத்திறன் வரும், கவனம் வரும், செல்போனைத் தொடமாட்டான், நாளைக்கு எங்கேயோ போகப்போறான் பாரு” என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன்.

பிரசங்கம் பலித்தது. அடுத்த வாரமே பையனை ஒரு சனி ஞாயிறு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். டிரோன், ரோபோ, இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. என் நாட் விமானத்தின் விலையைப் போல் இருபது மடங்கு கட்டணம். பத்து வாரம், நாலு பரீட்சை, முடிவில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். அந்தச் சட்டத்தை வைக்கக் காட்சி அலமாரியில் இடம் வேண்டியிருந்தது. அங்கே நின்றிருந்த நாட்டை மின்சார மீட்டர் பெட்டியின் மேல் தூக்கி வைத்தார்கள். அங்கிருந்து அது விழுந்து வால் உடைந்தது. இதுதான் நான் முதலில் சொன்ன விபத்து.

இல்லை, இதுகூட அல்ல. வாலை ஐந்து நிமிஷத்தில் ஒட்டிவிடலாம். ஆவணியில் நான் இன்னொரு பெட்டி, ஒரு ஸ்பிட்பயர் விமானம், வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பையன் பெட்டியைத் திறக்கவில்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே கேட்டான்: “இதை முடிச்சா என்ன தாத்தா கிடைக்கும்?” விபத்து என்றது இதைத்தான்.

இந்த மாதிரிப் பொழுதுபோக்குகளுக்காகப் பரிந்து பேசுகிற மகானுபாவர்கள் எல்லாரும் நான் செய்த குற்றத்தைத்தான் செய்கிறார்கள். அவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது ரைட் சகோதரர்களை. கதை உண்மைதான். 1878இல் பாதிரியாரான தகப்பனார் ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிவிட ஒரு ரப்பர் பட்டை. அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்த முறை அது. அந்த பெனோ 1871இல் பாரிஸ் நகரத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பட்டையால் ஓடும் குட்டி விமானத்தைப் பதினொரு விநாடி பறக்கவிட்டுக் காட்டியவர். பொம்மை வந்தபோது வில்பருக்குப் பதினொரு வயது, ஆர்வில்லுக்கு ஏழு. இருபத்தைந்து வருஷம் கழித்து, 1903 டிசம்பரில், இருவரும் நிஜமாகவே பறந்தார்கள். ‘பார்த்தீர்களா, பொம்மையின் பலனை!’ என்று கை தட்டுகிறோம்.

நான் கேட்கிறேன்: அந்தத் தகப்பனார் அன்று கடையில் நின்று 1903ஐ நினைத்தா காசு கொடுத்தார்? பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று வாங்கினார். அதே பொம்மையை வாங்கிய மற்றப் பிள்ளைகள் மளிகைக் கடைக்காரர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் வாழ்ந்து முடிந்திருப்பார்கள். அவர்கள் சிரித்தது வீண் என்று யார் சொல்ல முடியும்? சிரிப்பு இரண்டு வீட்டிலும் ஒன்றுதானே?

பிரயோஜனத்துக்காகவே குட்டி விமானம் செய்த கதையும் உலகத்தில் உண்டு. அதையும் கேளுங்கள். 1942இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளை ஐந்து லட்சம் குட்டி விமானங்கள் செய்து தரச் சொல்லிற்று. அவையும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுதான். வானத்தில் தெரிவது நம் விமானமா, எதிரி விமானமா என்று சிப்பாய்கள் உருவத்தைக் கொண்டே அடையாளம் கண்டு சுடப் பழகுவதற்காக. யுத்த காலம், தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விமானங்களுக்கு என்ன வர்ணம் தெரியுமா? எல்லாவற்றுக்கும் கறுப்பு. உருவம் மட்டும் தெரிந்தால் போதும் அல்லவா? பிரயோஜனம் உள்ளே வந்ததும் முதலில் வெளியே போனது வர்ணம்.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. திருச்சி ரோட்டில் தெற்கே போனால் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரர்கள் போட்ட விமான ஓடுதளம். முழுக்க முழுக்கப் பிரயோஜனத்துக்காகவே போடப்பட்டது. 1945இல் யுத்தம் முடிந்தது, பிரயோஜனமும் முடிந்தது, ஓடுதளத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் அக்கா மகனின் கேள்வி ஞாபகம் வருகிறது.

எதிர்க்கட்சியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் பாரபட்சமாகிவிடும். விழுப்புரத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. விமான விஷயங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். பையனின் நாட்டைப் பார்த்தவுடன் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். “இது ரெண்டு பேர் உட்கார்ற பயிற்சி விமானமாச்சே சார்! நம்ம படையிலே இருந்ததெல்லாம் ஒத்தை ஆள் நாட்தானே? வட்டம்கூடத் தப்பு. காவி வெளியே, பச்சை நடுவிலே வரணும். பையன் மாத்திப் போட்டிருக்கான்.” அவர் சொன்ன இரண்டும் சரி. பையன் முகம் சுண்டிப் போயிற்று. இப்படிப்பட்ட ஆசாமிகள் தங்கள் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, சரியான சாம்பல் நிறம் கப்பலில் வரட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அது அவர்கள் இஷ்டம். மற்றவன் பசை டப்பாவைத் தொடுவதற்கே யோக்கியதைச் சீட்டு கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. 1953இல் இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் கம்பெனி முதல் முதலாக ஒரு ஸ்பிட்பயர் பெட்டி போட்டது. விலை இரண்டு ஷில்லிங். வெளிர் நீல பிளாஸ்டிக். நிஜ விமானத்தோடு ஒப்பிட்டால் பிழை மலிந்தது. பிள்ளைகள் தங்கள் கைச்செலவுக் காசைக் கொண்டு போய் வாங்கினார்கள். பிழைக்காக ஒருவன் காத்திருந்தால், அந்தப் பொழுதுபோக்கு அன்றைக்கே அஸ்தமித்திருக்கும்.

‘பிளாஸ்டிக் பெட்டி வாங்கக்கூட வழியில்லாத வீட்டில் என்ன செய்வது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நான் சிறுவனாக இருந்தபோது எங்களுக்குப் பெட்டி ஏது? ஏரியில் விளைகிற நெட்டியைச் சீவி உடம்பு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் இறக்கை. தஞ்சாவூரில் கோயில் கோபுரம் செய்கிறார்களே, அதே நெட்டிதான். காற்றைப் போல் கனமில்லாத தண்டு; பிளேடு வைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். மூக்கில் ஒரு குண்டூசியைக் குத்தினால் சொன்ன இடத்துக்குப் போய் இறங்கும். நீல மசியால் வட்டம் போடுவேன். அந்த விமானங்களால் நான் எஞ்சினீயர் ஆகவில்லை. கைத்திறனும் வரவில்லை, இன்றைக்கும் என் வீட்டில் ஆணி அடிக்க ஆள் கூப்பிடுகிறேன். கவனம் வந்ததா என்று என் மனைவியைக் கேளுங்கள். பிரயோஜனக் கணக்கில் என் நெட்டி விமானங்கள் அத்தனையும் தோல்வி. ஆனால் மொட்டை மாடியிலிருந்து விட்ட ஒன்று எதிர்வீட்டு முருங்கை மரத்தைத் தாண்டிப் போன மாலைப் பொழுதை, அதற்குப் பின் வாங்கிய எந்தப் பரிசுக்கும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன். சென்னைக் கடையில் அந்தப் பெட்டியை யாருக்காக வாங்கினேன் என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்பிட்பயர் பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். என் மேஜை மேல் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பையன் வந்தால் திறப்பேன், ‘என்ன கிடைக்கும்?’ என்று கேட்டால் இந்தத் தடவை ‘ஒன்றும் கிடைக்காதடா’ என்று சொல்லிப் பார்ப்பேன். வருவானோ என்னவோ. விடுமுறை வகுப்பு ஒன்று இருப்பதாகக் கேள்வி.

வால் உடைந்த நாட் திண்டிவனத்திலேயே இருக்கிறது. போன வாரம் போனபோது பார்த்தேன். பையனுடைய தங்கை, எட்டு வயது, அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அம்மாவின் நகச்சாயத்தை எடுத்து இறக்கை முழுவதும் ஊதாவாகப் பூசியிருக்கிறாள். நகச்சாயம் பிளாஸ்டிக்கை அங்கங்கே அரித்து அம்மைத் தழும்பு மாதிரி செய்துவிட்டது. வாலுக்குப் பதிலாக ஒரு குச்சி ஐஸ் குச்சி. “இது எந்த நாட்டு விமானம்மா?” என்று கேட்டேன். “என்னுது” என்றாள்.

அவள் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கட்டுரையைப் படிக்கிற திண்டிவனத்து நேயர்கள் தயவுசெய்து போய்ச் சொல்லிவிட வேண்டாம்.