எதிர்வுகூறல் குறி சொல்வதல்ல

பணவீக்கத்தை எதிர்வுகூறுவதே என் கலாநிதிப் பட்ட ஆய்வு என்றதும் உம்மும்மா முகம் சுளித்தார். “மறைவானத அறிஞ்சவன் அல்லாஹ் ஒருத்தன்தான் மகள். குறி சொல்லவா படிக்கிறாய்?”

அவரது அச்சம் நியாயமானதே. ஆனால் குறி சொல்பவர் தன் வாக்குத் தவறாது என்பார். நாங்களோ எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சேர்த்தே கணிக்கிறோம். 1982இல் பிரித்தானியப் பணவீக்கத்தை ஆராய்ந்த ரொபர்ட் எங்கிள், பிழையின் அளவு எக்காலத்திலும் ஒன்றல்ல, குழப்பமான காலங்களில் பெரிய பிழைகள் தொடர்ந்து வரும் என்று காட்டினார். 2003இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்காகவே.

நம் நாட்டைப் பாருங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாயிருந்த பணவீக்கம், மறுவருடம் அதே மாதம் 1.3 சதவீதம். (விலை இறங்கவில்லை, ஏறும் வேகமே குறைந்தது. சந்தைக்குப் போகும் உம்மாமாருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.) அமைதியான வருடங்களின் தரவை மட்டும் கற்ற கணித மாதிரி இந்த ஏற்றத்தை எப்படிக் காணும்?

ஆகவே ஒற்றை எண்ணை மட்டும் தரும் எதிர்வுகூறலை நம்பாதீர்கள். எதிலிருந்து எதுவரை என்று கேளுங்கள். மத்திய வங்கி தன் எதிர்வுகூறலை விசிறி வடிவில் வரைவதும் அதனால்தான். காலம் தள்ளிப்போகப் போக விசிறி விரியும்.

அந்த வரைபடத்தை உம்மும்மாவுக்குக் காட்டினேன். “அப்ப ஒங்களுக்கும் தெரியாதுதானே!” என்றார். தெரியாது என்றே சொன்னேன்.