கிரிமினாலஜி படிக்கப் போறேம்மா!



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இப்போது பல வீடுகளில் கிரிமினாலஜி என்ற பெயர் அடிபடுகிறது. க்ரைம் சீரிஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஆசையோடு கேட்கிறார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஜெயில், போலீஸுன்னு ஒரு படிப்பு?" என்கிறார் பாட்டி. "முடிச்சா எஸ்.ஐ. ஆகிடலாமா?" என்கிறார் அப்பா.

அப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.காம். படித்தவரும் எழுதலாம். வக்கீலாக வேண்டுமானால் சட்டப் படிப்பு கட்டாயம். தடயவியல் ஆய்வகம்தான் கனவு என்றால் அறிவியல் பட்டம் இல்லாமல் கடினம்.

அப்படியானால் இதில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறைகள் உள்ளன. பொதுவாக இந்தப் படிப்பில் துப்பறிவதைவிட மனிதர்களைப் பற்றிய பாடமே அதிகம். சமூகவியல், உளவியல், சிறை நிர்வாகம், குற்றவியல் சட்டங்கள், கொஞ்சம் தடயவியல். கணக்குக்குப் பயந்து வரும் பிள்ளைகளுக்குப் புள்ளியியலும் காத்திருக்கிறது!

எனக்கு முக்கியமாகப் படுவது, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய தாள். அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடப்பவரின் குடும்பம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஒரு வழக்கில் சிக்கினால், 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி நன்னடத்தை அலுவலர் போன்ற ஒருவர் அவனுடைய வீட்டுச் சூழலை விசாரித்து 15 நாட்களுக்குள் சிறார் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை தர வேண்டும். குடிக்கும் அப்பா, பாதியில் நின்ற பள்ளி, சேர்க்கை சரியில்லாத நண்பர்கள் என எல்லாவற்றையும் அவனுடைய அம்மாவிடம் பொறுமையாகக் கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பழக்கும் படிப்பு இது. இதில் ஆண் என்ன, பெண் என்ன?

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கறாராக இருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கூடவே வந்த நடைமுறைச் சட்டம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. பாடத்திட்டத்தில் இந்த மாற்றங்கள் ஏறியிருக்கின்றனவா? சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கும் மாணவர்களை அழைத்துப் போகிறார்களா?

ஃபீஸ் கட்டுவதற்கு முன் சிலபஸை வாங்கிப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். படித்த பிறகும் "இதுதான் வேணும்" என்று உங்கள் மகள் சொன்னால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்