கழிவில் செல்வமா, கணக்கில் மோசடியா?

பழுதடைந்த கணினிகளின் வன்தட்டுக்களைப் பிரித்து, அவற்றின் உலோகங்களை விற்பது இலாபகரமான தொழில் என்றொரு கருத்து இன்று பரவலாக முன்வைக்கப்படுகின்றது. ‘குப்பையிலிருந்து செல்வம்’ என்னும் சுலோகத்தின் கீழ், வேலையற்ற இளைஞருக்கான சுயதொழில் யோசனைகளுள் ஒன்றாகவும் இது எடுத்துரைக்கப்படுகின்றது. இதற்கு நேரெதிராக, இது காலத்தை விரயமாக்கும் வீண்வேலை என்றும், வன்தட்டுக்களை இயந்திரத்திலிட்டு நொறுக்கித் தள்ளுவதே அறிவுடைமை என்றும் வாதிடுவோரும் உளர். இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். பிரிப்பதால் பயன் உண்டா, இல்லையா என்று கேட்கும் அவர்கள், அப்பயன் யாருக்கு என்று கேட்பதில்லை. வன்தட்டைப் பிரிப்பதால் பயன் உண்டு. ஆனால், அப்பயன் அதனைப் பிரிக்கும் கையைச் சென்றடைவதில்லை. பிரச்சினையின் மூலவேர் இதுவே.

முதலிற் பொருளின் இயல்பை நோக்குதல் வேண்டும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுச் சாதனம் ஐம்பது பெருந் தட்டுக்களைக் கொண்டதாய், ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட நிறையுடையதாய் விளங்கியது. அது தாங்கிய எழுத்துக்களோ ஏறத்தாழ ஐம்பது இலட்சமே. இன்று மேசைக் கணினியொன்றினுள் இருக்கும் வன்தட்டு முக்காற் கிலோகிராம் அளவினது. அந்நிறையிற் பெரும்பகுதி அலுமினிய வார்ப்பு உடலும் உருக்கு மூடியுமாகும். உள்ளே சுழலும் தட்டுக்கள், அவற்றைச் சுழற்றும் மோட்டார், வாசிக்கும் முனைகளைத் தாங்கிய கரம், அக்கரத்தை அசைக்கும் வலிய காந்தங்கள் ஆகியன உள. வெளிப்புறத்தே சிறியதொரு மின்சுற்றுப் பலகை பொருத்தப்பட்டிருக்கும்.

தட்டுக்களின் பளபளப்பே முதலாவது மயக்கத்தை விளைவிக்கின்றது. அவை வெள்ளியாலானவை என்றும், பிளாற்றினம் பூசப்பட்டவை என்றும் கதைகள் உலாவுகின்றன. அக்கதைகளில் ஒரு துளி உண்மை இல்லாமலில்லை. பதிவுப் படையிலே கோபாற்றுடன் பிளாற்றினமும் கலந்துள்ளது. ஆயின், அப்படையின் தடிப்பு சில பத்து நனோமீற்றர்களே. ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்காகும். ஆகவே, ஒரு தட்டிலுள்ள பிளாற்றினம் மில்லிகிராம் கணக்கில் அடங்கிவிடும். அதனைப் பிரித்தெடுக்கச் செலவாகும் அமிலத்தின் விலை, பெறும் உலோகத்தின் விலையை விழுங்கிவிடும். மின்சுற்றுப் பலகையின் தொடுமுனைகளில் உள்ள பொன்னின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் கலந்த திராவகத்தை வீட்டுக் கொல்லையிற் கொதிக்கவைப்பவன் பொன்னைக் காணுமுன் நோயைக் காண்பான்.

எஞ்சுவது அலுமினியம். உண்மையான வருமானம் இதிலேயே உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நட்சத்திர வடிவத் திருகாணிகளைக் கழற்றி, உருக்கையும் அலுமினியத்தையும் வேறாக்கினால், பழைய இரும்பு வியாபாரி அலுமினியத்துக்குக் கூடிய விலை கொடுப்பான். எனினும், வன்தட்டுக்கள் இலவசமாகக் கிடைக்கும் வரை மாத்திரமே இக்கணக்குச் சரிவரும். அலுமினியத்தின் விலையை அவற்றின் சொந்தக்காரர் அறிந்த மறுநாளே பழைய வன்தட்டுக்கும் ஒரு விலை ஏற்பட்டுவிடும். ஒருவர் பொழுதுபோக்காகச் செய்தபோது ஆதாயமளித்த வேலை, பலர் தொழிலாகச் செய்யத் தொடங்கியதும் அன்றாடக் கூலியாகத் தேய்ந்துவிடுகின்றது. மூலப்பொருளை விற்பவனும் உலோகத்தை வாங்குபவனும் விலையைத் தீர்மானிக்க, இடையில் நிற்கும் உழைப்பாளி இருவருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியவனாகின்றான். சுயதொழில் எனப்படுவதன் மெய்யான வடிவம் இதுதான்.

அவ்வாறாயின், நொறுக்கித் தள்ளுவோரின் வாதமே வென்றதாகுமா? இல்லை. வன்தட்டின் மிக முக்கியமான செல்வத்தை அவர்களும் காணத் தவறிவிட்டனர். அச்செல்வம் காந்தமாகும். 1980களின் முற்பகுதியில் யப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட நியோடிமியம்-இரும்பு-போரன் காந்தம் இன்று மின்சார வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் இன்றியமையாதது. அதன் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது வீதம் அருமண் மூலகங்களாகும். உலகின் அருமண் சுத்திகரிப்பிற் பெரும்பங்கு சீனாவின் கையிலுள்ளது. 2010ஆம் ஆண்டிற் சீன-யப்பானியத் தீவுத் தகராற்றின்போது இம்மூலகங்களின் வரவு தடைப்பட்டதும் யப்பானியத் தொழிற்றுறை அதிர்ந்தது. 2025 ஏப்பிரலில் டிஸ்புரோசியம், ரேர்பியம் முதலிய ஏழு மூலகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது அவ்வதிர்ச்சி உலகளாவியதாயிற்று.

2010இன் அதிர்ச்சியை அடுத்து, ஹிட்டாச்சி நிறுவனம் வன்தட்டுக்களைச் சுழல் உருளையிலிட்டு உலுக்கிக் காந்தங்களைப் பிரிக்கும் இயந்திரமொன்றை அறிவித்தது. கையால் மணிக்கு 12 காந்தங்கள் என்றிருந்த வேகத்தை அவ்வியந்திரம் 100 வரை உயர்த்தும் என அந்நிறுவனம் கணக்கிட்டது. இவ்வெண்கள் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கவை. கையால் எட்டு மணி நேரம் உழைப்பவன் நூறு காந்தங்களைக் கூடச் சேர்க்கமாட்டான். அவற்றின் மொத்த நிறை இரண்டு கிலோகிராமை எட்டுவதும் அரிது. அச்சிறு குவியலையும் அவன் எங்கே விற்பது? பழைய இரும்புக் கடையில் இரும்புக்கு விலையுண்டு, செம்புக்கும் பித்தளைக்கும் விலையுண்டு, நியோடிமியத்துக்கு விலையில்லை. காந்தம் இரும்போடு ஒட்டிக்கொண்டு இரும்பாகவே நிறுக்கப்படுகின்றது. உலக வல்லரசுகள் தகராறு செய்யும் பொருளொன்று உழைப்பவனின் கையில் இரும்பு விலைக்குத் தாழ்ந்துபோவதைவிடக் கொடிய முரண்பாடு வேறென்ன?

இம்முரண்பாடு இலங்கைக்குப் புதியதன்று. புல்மோட்டைக் கனிய மணலிலுள்ள மொனசைற்று அருமண் மூலகங்களைக் கொண்டது. இல்மனைற்று முதலிய கனியங்கள் பல தசாப்தங்களாகப் பெரும்பாலும் பதப்படுத்தப்படாத நிலையிலேயே இக்கரையிலிருந்து கப்பலேறி வந்துள்ளன. மணல் நிறைக்கணக்கிற் போகின்றது. அதன் பயனால் விளைந்த பொருள் பன்மடங்கு விலையிற் திரும்பி வருகின்றது. பின்னர் அப்பொருளின் எச்சமும் நிறைக்கணக்கிலேயே போகின்றது. இருமுறையும் இழப்பவர் ஒருவரே.

நொறுக்கும் இயந்திரமோ இவ்விழப்பைக் குறைப்பதில்லை. நொறுங்கிய காந்தத் துகள்கள் உருக்குத் துண்டுகளிலும் இயந்திரத்தின் பற்களிலும் ஒட்டிக்கொள்கின்றன. உருக்குலையை அடைந்ததும் அருமண் மூலகங்கள் ஒட்சியேறிக் கசடோடு கழிகின்றன. வெஸ்டேர்ண் டிஜிற்றல், மைக்ரோசொப்ற் ஆகிய நிறுவனங்கள் வேறிரு நிறுவனங்களோடு சேர்ந்து, ஏறத்தாழ 50,000 இறாத்தல் வன்தட்டு நொறுங்கல்களிலிருந்து அருமண் ஒட்சைட்டுக்களை மீட்டதாக 2025இல் அறிவித்தன என்பதை எதிர்த்தரப்பினர் சுட்டிக்காட்டக் கூடும். அது மெய்யே. ஆயின், அங்கு வன்தட்டுக்கள் ஏனைய கழிவுகளோடு கலவாமல் தனியே திரட்டப்பட்டன. அவற்றுக்கெனத் தனி இரசாயன முறையும் இருந்தது. இவையின்றி நொறுக்குவது மீட்பு அன்று, அழிப்பே. 2022ஆம் ஆண்டில் உலகிற் சேர்ந்த மின்னியற் கழிவு 620 இலட்சம் தொன் என்றும், அதில் நூற்றுக்கு 22.3 வீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவுண்டு என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புக்களின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. அருமண் தேவையில் மின்னியற் கழிவிலிருந்து நிறைவேறுவது நூற்றுக்கு ஒரு வீதமளவே என்பதும் அவ்வறிக்கையின் முடிபு.

இனி, ‘ஏழைக்கு இதுவாவது பிழைப்பாகட்டுமே’ என்னும் இரக்கக் குரலை நோக்குவோர் சீனாவின் குவாங்டொங் மாகாணத்துக் குய்யூ நகரை நினைவுகூர்தல் தகும். உலகின் கணினிக் கழிவுகள் அங்கே குவிந்தன. சிறு குடிசைப் பட்டறைகளில் சுற்றுப்பலகைகள் சூடாக்கப்பட்டன. அமிலத் தொட்டிகளில் அமிழ்த்தப்பட்டன. வேலை கிடைத்தது, வருமானமும் வந்தது. 2007இல் வெளியான ஆய்வொன்று அந்நகரின் 165 சிறுவரின் குருதியைச் சோதித்தபோது, ஐவரில் நால்வருக்கு மேற்பட்டோரிடத்து ஈயத்தின் அளவு அக்காலத்து எச்சரிக்கை எல்லையைக் கடந்திருந்தது. தந்தை பெற்ற கூலியின் ஒரு பகுதி பிள்ளையின் குருதியிலிருந்து செலுத்தப்பட்டது என்பதே இதன் பொருள். வன்தட்டைத் திருகாணி கழற்றிப் பிரிப்பது மாத்திரம் இவ்வளவு கேடு விளைவிப்பதன்று. கூலி போதாதவன் அடுத்துச் சுற்றுப்பலகையை எரிக்கவும் அமிலத்தை நாடவும் தள்ளப்படுகின்றான் என்பதிலேயே கேடு உள்ளது. இரக்கத்தின் பெயரால் இதனைப் பரிந்துரைப்போர் தம் பிள்ளைகளை அப்பட்டறைக்கு அனுப்புவார்களா?

இரகசியம் காக்கவேண்டுமென்பதற்காக எல்லா வன்தட்டுக்களையும் நொறுக்க வேண்டுமென்னும் வாதமும் உண்டு. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. வாடிக்கையாளரின் விபரங்கள் அடங்கிய சாதனங்களை உரிய கண்காணிப்பின்றிக் கைவிட்டமைக்காக மோர்கன் ஸ்ரான்லி நிறுவனம் அமெரிக்க அதிகாரிகளுக்கு 2020இல் 6 கோடி டொலரும், 2022இல் 3.5 கோடி டொலரும் செலுத்த நேர்ந்தது. ஆனால், அங்கு நேர்ந்த தவறு நொறுக்காமை அன்று. தரவழிப்பில் அனுபவமற்ற இடமாற்றச் சேவை நிறுவனமொன்றிடம் பொறுப்பை ஒப்படைத்தமையே தவறு. இயங்கும் நிலையிலுள்ள வன்தட்டின் தரவுகளை முழுமையாக மேலெழுதி அழித்துவிட்டு, அதனை மீண்டும் பயன்படுத்த முடியும். கணினியே எட்டாத பாடசாலைகள் உள்ள நாட்டில், நல்ல வன்தட்டொன்றைச் சுத்தியலால் அடித்து அலுமினியமாக்குவது விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும். பொருளின் பெறுமதி அதன் உலோகத்தில் மாத்திரம் இல்லை. அதை ஆக்கிய மனித உழைப்பின் பயன் தொடர்வதிலும் உண்டு.

ஆகவே, செய்யத்தக்கது தெளிவு. இயங்கும் வன்தட்டு முதலில் மறுபயன்பாட்டுக்குச் செல்லவேண்டும். இயங்காதது, காந்தமும் சுற்றுப்பலகையும் கெடாத வகையிற் பயிற்றப்பட்ட தொழிலாளராற் பிரிக்கப்பட வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பும் நிரந்தரக் கூலியும் உறுதியாக வேண்டும். கூலிக்கான பணம் அலுமினியத்தின் அன்றாடச் சந்தை விலையிலிருந்தன்றி, கணினியைச் செய்து விற்று இலாபமீட்டியோரிடமிருந்து வரவேண்டும். இது கற்பனையன்று. சுவிற்சர்லாந்தில் 1990களிலிருந்து, புதிய சாதனத்தின் விலையோடு அதன் கழிவகற்றற் செலவும் சேர்த்தே அறவிடப்படுகின்றது. இந்தியாவும் 2011இன் விதிகளால் உற்பத்தியாளரின் பொறுப்பைச் சட்டமாக்கியது. இலங்கையில் 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இத்தகைய கழிவைக் கையாளுவோர் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதிக்கின்றன. அனுமதிப்பத்திரம் கையாளுவோரைக் கட்டுப்படுத்துகின்றது. விற்றவரின் பணப்பையைத் தொடுவதில்லை.

பழைய வன்தட்டைப் பிரித்தல் பயனுள்ளதா என்ற வினாவுக்குத் தராசு விடை சொல்லாது. தராசு எவருடைய கடையில் இருக்கின்றதோ அவருக்குச் சாதகமாகவே அது நிறுக்கும். சமுதாயத்துக்குப் பயன்படும் உழைப்புக்குச் சமுதாயமே கூலி கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது. அக்கடமையை மறந்துவிட்டு, ‘குப்பையிற் செல்வம் உண்டு, தேடி எடு’ என்று இளைஞனின் கையில் ஒரு திருப்புளியைக் கொடுப்பது தொழில் வழங்குவதாகாது. மற்றவரின் கடனை அவன் தலையிற் கட்டுவதேயாகும்.